செக்போஸ்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கூலி

1978ஆம் வருஷம் ஆவணி மாதம். குமுளி மலையில் ஏலக்காய் அறுவடை தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. நல்லமுத்து கம்பெனி குடோனுக்கு வழக்கம்போல வேலைக்குப் போன நாற்பத்திரண்டு பெண்களையும் மேஸ்திரி வீரபாண்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"காய் இன்னும் எறங்கலைத்தா. அடுத்த வாரம் வந்து பாருங்க."

அடுத்த வாரம் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். அதே பதில்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி சுருளியம்மாள். அவளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. குடோனுக்கு எதிர்ச்சரிவில்தான் அவள் வீடு. காலையில் சாணம் தெளிக்கும்போது பார்த்தால், குடோன் பின்வாசலில் லாரி நிற்பதும் மூட்டை ஏறுவதும் நன்றாகத் தெரியும். காய் இறங்கவில்லை என்றால் ஏறுவது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை.

சுருளியம்மாள் பிறந்தது கீழே, கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டி. பதினேழு வயதில் மொக்கையனுக்குக் கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். மொக்கையனுக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். முதல் ஏழெட்டு வருஷம் அவளும் தோட்டத்துக்குத்தான் போனாள். ஒரு மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்து, கால் யானைக்கால் மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தாள். இனி ஈரத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் காய் பொறுக்குகிற வேலைக்கு வந்தாள். பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

தோட்டத்து உலர்த்தும் கொட்டகையான ஸ்டோரில் உலர்த்திய ஏலக்காய் மூட்டையில் வரும்போது எல்லாம் கலந்து கிடக்கும். சொளகில் பரப்பி, காம்பைக் கிள்ளி, வெடித்ததைத் தனியே, வெளுத்ததைத் தனியே, பூச்சி துளைத்ததைத் தனியே ஒதுக்க வேண்டும். மிஞ்சுகிற நல்ல காயை மூன்று சல்லடையில் அரித்துத் தரம் பிரிக்க வேண்டும். சுருளியம்மாளின் கை வேகத்தை வெளியூர் வியாபாரிகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே இருப்பாள். கண் காயில் இருக்காது. பூச்சி விழுந்த காய் விரலில் பட்டதும் தானாக ஒதுங்கிவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முந்தின வருஷம்தான் யூனியன் பேசி, பீர்மேடு லேபர் ஆபீஸில் வைத்து ஒரு கரார், அதாவது ஒப்பந்தம், கையெழுத்தாகியிருந்தது. நாள் கூலி ஐந்தரை ரூபாய், பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு லீவு, குடோனில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ். கையெழுத்துப் போட்ட நல்லமுத்து முகத்தைச் சுளிக்காமல்தான் போட்டார். ஒரே வருஷத்தில் இப்படி ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு குழந்தையால். சுருளியம்மாளின் மூத்த மகளுக்குப் பிரசவமாகி, பிள்ளையைப் பார்க்கக் கம்பத்திலிருந்து தங்கச்சி சின்னத்தாய் வந்திருந்தாள். வந்தவள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தடவினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுருளியம்மாள் மூக்கில் ஏலக்காய் வாடை அடித்தது. தான் மூன்று வாரமாகக் காயைத் தொடவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் உரிந்து பச்சை ஏறியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருக்கும்.

"என்னத்தா இது? வேலை மாறிட்டியா?"

"ஆமாக்கா. நடவு, களையெடுப்பு எல்லாத்தையும் விட்டாச்சு. கம்பத்துல ஒரு குடோன் தொறந்திருக்காக. காய் பொறுக்குறேன். நெழல்ல ஒக்காந்த எடத்துல வேலை. எம் முதுகு இப்பத்தான் முதுகா இருக்கு."

"யாரு குடோனு?"

"நல்லமுத்துன்னு ஒரு மொதலாளி. பத்தொம்பது பேரு இருக்கோம். இன்னும் ஆள் எடுப்பாகளாம்."

"என்ன குடுக்காக?"

"ரெண்டே முக்கா. களையெடுப்புக்கு ரெண்டுதான குடுத்தாக!"

சின்னத்தாய் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் நான்கு பிள்ளை பெற்றவள்; மூன்றாவதுக்கு அப்புறம் அடிவயிறு இறங்கி, குனிந்து நாற்று நடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அது சுருளியம்மாளுக்குத் தெரியும். அதனால் அப்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் வாயைத் திறந்தாள்.

"சின்னத்தாயி, நீ பாக்குறது எங்க வேலை. எங்கள வாசல்ல நிறுத்திட்டு அந்த மூட்டையத்தான் கீழ எறக்குறாக."

சின்னத்தாய் முகம் மாறிவிட்டது. "எனக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் எல்லைச் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் போயிற்று.

மறுநாள் யூனியன் ஆபீஸில் சுருளியம்மாள் இதைச் சொன்னதும் கூட்டம் கொதித்தது. மறித்துவிட வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. போராட்டம் என்பதற்குச் சமரம் என்று மலையாளத்தில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு முப்பது பெண்கள் செக்போஸ்ட் முன்னால் உட்கார்ந்தார்கள். காலையில் மறித்த லாரியைச் சாயங்காலம் போலீஸ் வந்து விடுவித்தது. மூட்டைக்கெல்லாம் பில் சரியாக இருந்தது. ஒரு வியாபாரி தன் சரக்கைத் தன் குடோனுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று இன்ஸ்பெக்டர் நிதானமாக விளக்கினார்.

பீர்மேட்டிலிருந்து உதவி லேபர் ஆபீசர் பணிக்கர் வந்தார். கராரை எடுத்துப் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனிக்கு மனசிலாயி, சுருளியம்மா. பட்சே ஞான் எந்து செய்யும்? குமுளியில் வேலை கொடுத்தால் இந்தக் கூலி கொடுக்கணும் என்னு கராரில் உண்டு. குமுளியில்தான் வேலை கொடுக்கணும் என்னு இல்லையே. அந்த செக்போஸ்ட் கேட்டுக்கு அப்புறம் எனிக்கு அதிகாரம் இல்லா."

அன்று கூட்டத்தில் ராமுத்தாய் எழுந்தாள். சுருளியம்மாளைவிடப் பத்து வயது மூத்தவள், கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது, வாய் மட்டும் மங்கவில்லை. "பஸ் ஏறிப் போயி அந்தப் பொம்பளைகள நாலு கேள்வி கேட்டு, மயிரைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டாத்தான் இதுக்கு முடிவு" என்றாள். பலர் தலையாட்டினார்கள்.

"அவுகள இழுத்துப் போட்டா வேற பத்தொம்பது பேரு வருவாக" என்றாள் சுருளியம்மாள். "கீழ கூலி கொறைச்சல். அதனாலதான் காய் கீழ போகுது. அங்கயும் இதே கூலியக் கேக்க வச்சா மொதலாளி எதுக்கு லாரி வாடகை குடுத்து எறக்கப் போறாரு?"

"ஒந் தங்கச்சி அங்க இருக்கா. அவளுக்குப் பரிஞ்சுதான் நீ பேசுவ."

"இருக்கா. அதுக்கென்ன செய்யச் சொல்ற?"

ராமுத்தாய் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனாள். அன்றிலிருந்து சுருளியம்மாளைக் கண்டால் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். கம்பெனியோடு உள்ளுக்குள் பேசிவிட்டாள் என்றுகூட ஒரு பேச்சு அடிபட்டது. வீட்டுக்கு வந்திருந்த மொக்கையனிடம் சொல்லி அழுதாள். அவர், "போகணும்னு தோணுனா போயிட்டு வா. நீ ஒண்ணும் திருடப் போகலையே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்களோடு பஸ் ஏறினாள். மலை வளைவில் அவளுக்கு எப்போதும் வாந்தி வரும். மலையடிவாரத்தில் லோயர்கேம்பில் இறங்கி வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். கம்பத்தில், சின்னத்தாய் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ரூமின் நிழலில் பதினைந்து பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து சண்டைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு மூன்று புருஷன்மார்களும் தள்ளி நின்றார்கள்.

சுருளியம்மாள் சொல்ல வந்ததைச் சொன்னாள். நீங்கள் வேலையை விட வேண்டாம், நாங்கள் வாங்குகிற கூலியைக் கேளுங்கள், நாங்கள் மேலே கேட்கிறோம், நீங்கள் கீழே கேளுங்கள் என்றாள்.

"கேட்டா மூட்டையெல்லாம் போடி டவுனுக்குக் கொண்டுபோயிருவாரு" என்றாள் ஒருத்தி.

"கேக்காட்டியும் போவாரு. இன்னைக்கு எங்கள விட்டுட்டு உங்ககிட்ட வந்திருக்காரு. ரெண்டு ரூவாய்க்கு ஆளு கெடைக்கிற ஊரு இன்னொண்ணு இல்லாமலா இருக்கு?"

கூட்டம் தங்களுக்குள் முணுமுணுத்தது. சின்னத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். எல்லார் முன்னாலும் அக்காவிடம் அவள் அப்படிப் பேசியது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

"அக்கா, போன வருசம் உங்களுக்கு அஞ்சரை ரூவா ஆச்சு. நீ ஊருக்கு வந்தப்ப எல்லார்ட்டயும் சொன்ன. நாங்க அப்ப ரெண்டு ரூவாய்க்குச் சேத்துல நின்னோம். கீழ இருக்கவளுகளுக்கும் கேக்கணும்னு அன்னைக்கு உனக்குத் தோணுச்சா? இப்ப உன் வேலை போகவும்தான் பஸ் ஏறி வந்திருக்க."

 சுருளியம்மாளோடு வந்தவர்களில் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுருளியம்மாள் அவளைக் கையமர்த்திவிட்டு, "தோணலைத்தா" என்றாள். "நெசமாத் தோணலை. எனக்கு வேலை இருந்துச்சு, உங்க நெனப்பு வரல."

அதற்கு மேல் அன்று பேச்சு ஓடவில்லை. சின்னத்தாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டார்கள். மறுபடியும் வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். போன காரியம் பழமாகவில்லை என்று ராமுத்தாய் கூட்டம் பேசிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து சின்னத்தாய் தனியாக வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த ஒரு தாளை எடுத்து விரித்தாள். நான்காக மடித்த முழு வெள்ளைத்தாள். குமுளிக் கூலியே தங்களுக்கும் வேண்டும் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுதிக்கொடுத்திருந்தார். கீழே பதினேழு கட்டைவிரல் ரேகையும் இரண்டு கையெழுத்தும்.

"எல்லாரும் வச்சுட்டாக. நீ தோணலைன்னு ஒத்துக்கிட்டியே, அதப் பத்தித்தான் ஒரு வாரம் பேசுனாக. மழுப்பியிருந்தா ஒருத்தியும் வச்சிருக்க மாட்டா" என்றாள் சின்னத்தாய். "இத எங்க குடுக்கணும்?"

மேலே ஒரு ஆபீஸ், கீழே ஒரு ஆபீஸ். இரண்டு பக்கத்துப் பெண்களும் இரண்டு மனுவிலும் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். குமுளிப் பெண்கள் மலையாளத்தில் எழுதிய மனுவைப் பணிக்கரிடம் கொடுத்தார்கள். கம்பத்துப் பெண்களோடு சுருளியம்மாளும் உத்தமபாளையம் போய், தமிழ் மனுவை அர்த்தநாரி என்ற தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் கொடுத்தாள். அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், அந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏனுங்கம்மா, கேரளாவுல இருந்து வந்து எங்கிட்ட மனுக் குடுக்கறீங்களே, இது எப்படிங்க செல்லும்?" என்றார்.

"அங்க கேட்டா செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அதிகாரம் இல்லைங்காக சார். இங்க கேட்டா அந்தப் பக்கம் இல்லைங்கீக. மூட்டைக்கு மட்டும் ரெண்டு பக்கமும் வழி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு ரூம்ல ஒக்காந்தா அவரு எங்க போவாரு?"

அர்த்தநாரி மனுவை மறுபடியும் படித்தார். "ஒக்கார்றதுக்கு நாங்க ரெண்டு பேரும் மட்டும் முடிவு பண்ண முடியாதுங்க. மேல எழுதணும்" என்றார். எழுதுவார் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் எழுதினார். பணிக்கரும் எழுதினார். மதுரைக்கும் கோட்டயத்துக்கும் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் காகிதம் போய்த் திரும்ப நான்கு மாதம் ஆயிற்று. ஒரு மாநிலத்து அதிகாரி அடுத்த மாநிலத்தில் போய் உட்கார்ந்து பேச அனுமதி, எந்த ஊரில் பேசுவது, எந்தப் பாஷையில் எழுதுவது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். அந்த நான்கு மாதமும் சுருளியம்மாள் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் களை வெட்டப் போனாள். பழைய புண் இருந்த கால் மறுபடியும் வீங்கியது. நாற்பத்திரண்டு பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் தேயிலை எஸ்டேட்டுக்கும் சொந்த ஊருக்கும் போய்விட்டார்கள்.

1979 பிப்ரவரியில் குமுளி பஞ்சாயத்து ஹாலில் கூட்டம் கூடியது. மேஜைக்கு ஒரு பக்கம் பணிக்கரும் அர்த்தநாரியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நல்லமுத்துவும் வீரபாண்டியும். பெண்கள் பெஞ்சில்.

நல்லமுத்து கோபப்படவில்லை. அறுபது வயது, அவரும் சின்ன வயதில் தலைச்சுமையாகக் காய் வாங்கி விற்றவர்தான். "நான் ஓடி ஒளிஞ்சு போகலை சார்" என்றார். "போடியில இருக்கவன் ரெண்டரை ரூவாய்க்குப் பொறுக்கி ஏலத்துல வைக்கிறான். நான் அஞ்சரை குடுத்து அதே வெலைக்கு வித்தா எத்தன நாளைக்கு நிப்பேன்? இன்னொண்ணு. கம்பத்துக்காரிக கை இன்னும் திரும்பல. இவுக பாதி வேலைதான் அவுக செய்யிறாக. அதுக்குப் பாதிக் கூலி. இதுல என்ன தப்பு?"

அர்த்தநாரி, "பாதி வேலையான்னு பாத்துரலாங்களே" என்றார்.

குடோனிலிருந்து ஒரு மூட்டையும் இரண்டு சொளகும் வந்தன. அக்காவும் தங்கச்சியும் ஹால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் என்று பணிக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்த பிறகுதான் சுருளியம்மாளுக்கு உறைத்தது. தான் வேகமாகச் செய்தால் நல்லமுத்து சொன்னது நிஜமாகிவிடும். கையை மெதுவாக விடலாமா என்று யோசித்தாள். பக்கத்தில் சின்னத்தாய், "மெதுவாச் செஞ்சு என்னைய அசிங்கப்படுத்திராத" என்று உதடு அசையாமல் சொன்னாள். சுருளியம்மாள் தன் கைக்கு வந்தபடி செய்தாள்.

நிறுத்துப் பார்த்ததில் அக்கா நான்கு கிலோவுக்குச் சற்று மேல். தங்கச்சி மூன்றே கால். தரம் இரண்டிலும் ஒன்றுதான், வீரபாண்டியே காயை அளைந்து பார்த்து ஒத்துக்கொண்டார்.

"எத்தன வருசமாச் செய்யறீங்க?" என்று அர்த்தநாரி சுருளியம்மாளைக் கேட்டார்.

"பதினாறு சார். மொத அஞ்சு மாசத்துல இவ செஞ்சதுல பாதி கூட நான் செய்யல."

அங்கிருந்துதான் வழி திறந்தது. நாள் கூலியை விட்டுவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று வைத்தால், மேலே பொறுக்கினாலும் கீழே பொறுக்கினாலும் நல்லமுத்துவுக்கு ஒரே செலவு என்று பணிக்கர் சொன்னார். பெண்கள் பெஞ்சில் சலசலப்பு எழுந்தது. ராமுத்தாய் எழுந்து, "கண்ணு தெரியாதவ என்ன செய்வா? கிலோக் கணக்குப் போட்டா நாங்கள்லாம் செத்தோம்" என்றாள். அது நியாயம் என்று கம்பத்துப் பெண்களில் ஒருத்தியே எழுந்து சொன்னாள். எவ்வளவு குறைவாகப் பொறுக்கினாலும் நாளுக்கு நான்கே கால் ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. குமுளிக் காயில் பாதியாவது குமுளியிலேயே பொறுக்க வேண்டும் என்பது இன்னொரு வரி. நல்லமுத்து கேட்டதும் ஒன்று எழுதப்பட்டது. மற்ற வியாபாரிகளையும் இரண்டு ஆபீசர்களும் ஆறு மாதத்துக்குள் இதே கராருக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தன்னையும் இது கட்டுப்படுத்தாது.

மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பிரதி எழுதினார்கள். சுருளியம்மாள் இரண்டிலும் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

மாசி மாதம் குடோன் திறந்தது. பழைய ஆட்களில் இருபத்தாறு பேர் திரும்பி வந்தார்கள். ராமுத்தாய் வந்தாள், குறைந்தபட்சக் கூலியில்தான் இருந்தாள். எஸ்டேட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சுருளியம்மாளுக்கு முன்பு வாங்கியதைவிட இப்போது அதிகம் வந்தது. சின்னத்தாய்க்கு நான்கரைக்கு மேல். குமுளியில் குறைந்துபோன வேலைக்கும் கம்பத்தில் கூடின கூலிக்கும் சுருளியம்மாள்தான் காரணம் என்று, அவரவர் இருந்த இடத்தைப் பொறுத்து, திட்டியவர்களும் உண்டு, கும்பிட்டவர்களும் உண்டு.

அந்த ஆறு மாதத்தில் குமுளியில் இரண்டு வியாபாரிகளும் கம்பத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் பிடிவாதமாகக் குடோனைக் காலி செய்துகொண்டு போடிக்குப் போய்விட்டார். அவரைக் காட்டி நல்லமுத்து கராரை விடவில்லை. அவரிடம் வேலை பார்த்த பதினோரு பெண்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்களில் ஒருத்தி சுருளியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி. மாதக் கணக்கில் பேசாமல் இருந்தாள்.

கராரில் தகராறு வந்தால் பேச, ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பெண்கள் என்று ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். குமுளிக்குச் சுருளியம்மாளும் ராமுத்தாயும். கம்பத்துக்குச் சின்னத்தாயும் இன்னொருத்தியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. அக்கா தங்கச்சி என்று பாராமல் அந்தக் கூட்டங்களில் இருவரும் சண்டை போட்டார்கள். கம்பத்துக்கு இறங்கிய மூட்டை பாதிக்கு மேல் என்று ஒரு தடவை சுருளியம்மாள் லாரி நம்பரோடு எழுதிக்கொண்டு போய், சின்னத்தாய் எதிரிலேயே அர்த்தநாரியிடம் கொடுத்தாள். பதினெட்டு மூட்டை திரும்ப மலையேறிற்று.

அன்று மத்தியானம் சின்னத்தாய் வீட்டில்தான் சாப்பாடு. "பதினெட்டு மூட்டைய எங்கிட்ட இருந்து புடுங்கிட்டு, எங்கிட்டயே சோறு திங்கிற" என்றாள் சின்னத்தாய், குழம்பை ஊற்றியபடி.

"உப்புக் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றாள் சுருளியம்மாள்.

ராமுத்தாய் இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.